பாடுகிறவள்தான் நிற்க வேண்டும்

ஆங் மோ கியோ
சிங்கப்பூர், 8 ஜனவரி 2024

மோகனா,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். விசாரித்துத் தெரிந்துகொள்ள நீ வழி வைக்கவில்லை. ஐந்து வருடமாக உன் கைப்பேசியில் என் எண் அடைபட்டுக் கிடக்கிறது. மின்னஞ்சலும் அப்படியே. அதனால் ஐம்பத்தேழு வயதில் சொந்தத் தங்கைக்குக் கடிதம் எழுதித் தபால் நிலைய வரிசையில் நிற்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சிகாகோ குழு ஒரு பழைய இத்தாலிய ஒப்பேராவை எடுத்து, முழுக்க முழுக்கக் கறுப்பின அமெரிக்க நடிகர்களை வைத்து, இசை நாடகமாகப் புதிதாகச் செய்திருப்பதைக் காணொளியில் பார்த்தேன். இசையாக்கம் என்று உன் பெயர் வந்தது. பிரபு வீட்டு வேலைக்காரி ஒருத்தி எஜமானிக்காகக் காதல் கடிதங்கள் எழுதிக் கொடுக்கிறாள். கடிதம் சிக்கியதும் கையெழுத்து அவளுடையது என்று பழியும் அவள் தலையில் விழுகிறது. நல்ல கதை. இசையும் நன்றாகவே இருக்கிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

அதை நான் தமிழில் போட வேண்டும். வேலைக்காரி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து புக்கிட் தீமா பங்களாவுக்கு வந்த பெண். பெயர் பவளம். தேக்காவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய அரங்கம் ஆகஸ்டில் கிடைத்திருக்கிறது. உன் அனுமதி வேண்டும். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

கதிரேசன்


சிகாகோ
29 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டாகிவிட்டது.

இந்த நாடகத்தை நாங்கள் எதற்குச் செய்தோம் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வேலைக்காரி கறுப்பி என்று மூலத்திலேயே வருகிறது. ஆனால் நூற்றைம்பது வருடமாக வெள்ளைக்காரிகள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வந்து அதைப் பாடினார்கள். பாடத் தெரிந்த கறுப்புப் பெண்கள் உள்ளே உட்கார்ந்து அவர்களுக்கு உடை தைத்தார்கள். எங்கள் கதாநாயகி டெனீஸின் அம்மா அப்படித் தைத்தவர்தான். ஒவ்வொரு பாட்டும் அவருக்கு மனப்பாடம். ஒரு நாளும் யாரும் அவரைப் பாடச் சொன்னதில்லை. முதல் காட்சியில் டெனீஸ் மேடைக்கு வந்து நின்றபோது அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பியானோவில் இரண்டு இடத்தில் தவறவிட்டேன்.

இதை உங்கள் கையில் தருவதென்றால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பவளமாக யார்?

மோகனப்பிரியா


ஆங் மோ கியோ
16 பிப்ரவரி 2024

மோகனா,

நலம். அங்கே பனி என்று செய்தியில் பார்த்தேன். ஜாக்கிரதை என்று எழுதினால் அதிலும் குற்றம் கண்டுபிடிப்பாய், அதனால் எழுதவில்லை.

பவளத்தின் பாட்டு ஒன்பதையும் பாடப்போவது ரக்ஷனா. என் மகள்தான், மறந்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். இருபத்துநாலு வயது. செங்காங்கில் பாலர் பள்ளியில் வேலை. நிறத்திலும் குரலிலும் உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். அவள் அம்மா கமலா பக்கத்தில் இப்படி ஒருத்தரும் இல்லை. அவள் பாடியதை ஒரு பென்டிரைவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பேசு.

கதிரேசன்


சிகாகோ
11 மார்ச் 2024

அண்ணனுக்கு,

நலம். அண்ணியும் ரக்ஷனாவும் நலமா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

காரை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து மூன்று தடவை கேட்டேன். எனக்கு உங்கள் மேல் இருக்கிற வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்தப் பெண் பாடுவதை நிறுத்தும் உரிமை எனக்கு இல்லை. குழுவில் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. ஏழாம் ஷரத்து நான் கேட்டுச் சேர்த்தது: பாடுகிறவள்தான் மேடையில் நிற்க வேண்டும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரக்ஷனாவுக்கு: மூன்றாம் பாட்டில் மேலே போகும்போது தோளைத் தூக்குகிறாள், அது காதுக்கே தெரிகிறது. தோளை விட்டுவிட்டு வயிற்றிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். என் அன்பைச் சொல்லுங்கள். அவளுக்கு மட்டும்.

மோகனப்பிரியா


ஆங் மோ கியோ
20 மே 2024

மோகனா,

நலம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இத்துடன். தாமதத்துக்கு வருந்துகிறேன், பள்ளியில் தேர்வுக் காலம்.

ஒத்திகை நடக்கிறது. ரக்ஷனா நன்றாகப் பாடுகிறாள். தோள் விஷயம் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

கதிரேசன்


சிகாகோ
9 ஜூன் 2024

திரு. கதிரேசன் அவர்களுக்கு,

உங்கள் நலம் எனக்கு வேண்டாம்.

என்னோடு கூடப் படித்த அமீராவை ஞாபகம் இருக்கிறதா? அவள் உங்கள் சுவரொட்டியைப் படமெடுத்து அனுப்பினாள். சிராங்கூன் ரோடு முழுக்க ஒட்டியிருக்கிறீர்களாம். அதில் பவளம் என்று ஒரு பெண் சிரிக்கிறாள். தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்துகிற சுஷ்மிதா. மஞ்சள் வெள்ளையாக, மாசுமருவில்லாமல் இருக்கிறாள். அவளுக்குப் பாட வராது என்று அமீரா விசாரித்துச் சொன்னாள். கீழே மூலையில், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில், பின்னணி ரக்ஷனா.

"பாடப்போவது ரக்ஷனா" என்று எழுதினீர்கள். நிற்கப்போவது யார் என்பதை நாலு மாதம் விழுங்கிவிட்டீர்கள். நானும் ஏமாந்தேன், முட்டாள்.

1994 தீபாவளிக் கலைவிழா. உங்கள் நாடகம், நாலு பாட்டு, எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு மாதம் ஒத்திகையில் நின்று நடித்துப் பாடினேன். நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் முன்னால் என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டு, "மோகனா, லைட்டுல நீ எடுபடமாட்டம்மா. கமலா நிக்கட்டும், நீ உள்ளேர்ந்து பாடு. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றீர்கள். நான் திரைக்குப் பின்னால் நாற்காலி அடுக்குக்கு நடுவே நின்று பாடினேன். கமலா வாயசைத்தாள். சிறந்த பாடகி கோப்பையை அவள் வாங்கினாள். அடுத்த வருடம் அவளையே நீங்கள் கட்டிக்கொண்டீர்கள். எனக்கு அடுத்த தடவை வரவேயில்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் தாங்காதது எது தெரியுமா? கோப்பை கொடுத்தபோது கதவோரம் நின்று நானும் கைதட்டினேன்.

ஏழாம் ஷரத்தை மீறினால் அனுமதி ரத்து.

மோகனப்பிரியா


ஆங் மோ கியோ
27 ஜூன் 2024

மோகனா,

நலம். உனக்கு வேண்டாமென்றாலும் நலம்தான்.

முப்பது வருடமாக ஒரே பாட்டைப் பாடுகிறாய். நம் சினிமாவில் யார் பாடுகிறார்கள், யார் நிற்கிறார்கள்? தமிழன் கண்ணால் ஒருத்தியையும் காதால் ஒருத்தியையும் ரசித்துப் பழகியவன். பின்னணி பாடுகிறவர்களை நாம் தலையில் வைத்துக் கொண்டாடவில்லையா? இதில் கேவலம் எங்கே வந்தது? உன் அமெரிக்க நியாயத்தை இங்கே கொண்டுவந்து கொட்டாதே. சுஷ்மிதா முகத்துக்காகத்தான் இரண்டு காட்சி டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது. ரக்ஷனா முகத்துக்கு அவள் பாலர் பள்ளிப் பெற்றோர் பத்துப் பேர் வருவார்கள். நான் அவளைப் பெற்றவன், எனக்கு அவள் அழகி. கூட்டத்துக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஷரத்தையும் நான் மீறவில்லை. ரக்ஷனா மேடையில்தான் நிற்கிறாள். சுஷ்மிதாவுக்கு ஆறடி பின்னால், கறுப்பு வலைத்திரைக்கு அந்தப் பக்கம். அங்கே விளக்குக் கிடையாது, அவ்வளவுதான். விளக்கு வேண்டும் என்று நீ எழுதவில்லை.

1994 இல் உன்னை நான் கட்டி இழுத்துக்கொண்டு போய் உள்ளே நிறுத்தவில்லை. நீ "சரி" என்றாய். ரக்ஷனாவும் "சரிப்பா" என்றுதான் சொன்னாள். ரத்து செய்வதானால் செய். கப்பல் பட்டறையில் பகல் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்து ஒத்திகை பார்க்கிற பதினாலு பேரிடம் நீயே வந்து சொல்.

கமலாவை இதில் இழுக்காதே. அவள் வீட்டில் ஒரு வரி கூடப் பாடியதில்லை என்பது உனக்குத் தெரியுமா?

கதிரேசன்


சிகாகோ
15 ஜூலை 2024

அன்பு ரக்ஷனாவுக்கு,

அத்தை எழுதுவது. நலமா, செல்லம்? உன்னை நாலு வயதில் பார்த்தது. இந்தக் கடிதத்தை அமீரா உன் பள்ளிக்கு வந்து கையில் கொடுப்பாள். வீட்டு விலாசத்துக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

உன் அப்பாவுக்கு நான் ஜூனில் எழுதிய கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 1994 இல் நடந்தது அதில் இருக்கிறது. கமலா என்று வருவது உன் அம்மாதான். இதை உனக்குச் சொல்லலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசித்ததாகச் சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். உன் அப்பாவுக்கு வலிக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

நீ "சரிப்பா" என்றாயாம். நானும் அன்றைக்கு அதைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்லலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உனக்கு விருப்பமில்லை என்றால் ஒரு வரி எழுது. மறுநாளே நாடகத்தை நிறுத்துகிறேன்.

அத்தை


செங்காங்
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் நலமா? என் எழுத்துத் தமிழ் சுமார்தான், அப்பா தமிழ் ஆசிரியர் என்று யாரும் நம்பமாட்டார்கள். இதை ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்தார்கள். அப்புறம், "ஆமாடி, அவதான் பாடுனா. நான் சும்மா வாய அசைச்சேன். கப்ப வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. ஒங்கப்பா, இதெல்லாம் சகஜம்னு சொன்னாரு" என்றார்கள். "அப்புறம் ஏம்மா பாடவே மாட்டேங்கிற?" என்று கேட்டதற்கு, "எந்தக் கொரல்ல பாடுறது?" என்றார்கள். 

அத்தை, உங்கள் மேலும் எனக்குக் கோபம். அப்பா என்னைக் கேட்காமலே சுஷ்மிதாவை முடிவு செய்துவிட்டு வந்து சொன்னார். நீங்கள் என்னைக் கேட்காமலே அம்மாவைப் பற்றி எழுதிவிட்டு, அப்புறம் என் விருப்பம் கேட்கிறீர்கள். ரெண்டு பேரும் உங்கள் பழைய சண்டையை என் தொண்டையில் வைத்துப் போடுகிறீர்கள். நான் "சரிப்பா" சொன்னது பயத்தில் இல்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அது பயத்தைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது.

நாடகத்தை நிறுத்தாதீர்கள். கப்பல் பட்டறை அண்ணன்கள் லீவு நாளையெல்லாம் இதற்கே கொடுத்திருக்கிறார்கள். "நீ பாடுறப்ப வீட்டு ஞாபகம் வருது தங்கச்சி" என்கிறார்கள். அவர்களுக்கு நான் வலைக்குப் பின்னால் நிற்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

ரத்து வேண்டாம். மற்றது என் பாடு.

ரக்ஷனா


ஆங் மோ கியோ
27 ஆகஸ்ட் 2024

மோகனா,

நலம். வாழ்த்துகள், நீ ஜெயித்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக் காட்சி. அரங்கம் நிறைந்துவிட்டது. முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது பாட்டு, போலீஸ் வந்து கடிதத்தைக் காட்டும்போது பவளம் பாடுவது. முதல் வரி முடிந்ததும் உன் மருமகள் வலையைக் கையால் விலக்கிக்கொண்டு முன்னால் நடந்து வந்துவிட்டாள். ஒத்திகைக்குப் போடுகிற அதே நீல டி-ஷர்ட், ஒப்பனை இல்லை, ஒன்றும் இல்லை. சுஷ்மிதா வாய் திறந்தபடி நின்றாள். பிறகு அவளே இரண்டடி நகர்ந்து விளக்கை விட்டுக்கொடுத்தாள். "சாரி சார், எனக்கே வெக்கமா போச்சு" என்று பிறகு சொன்னாள். போலீஸாக நின்ற பையன் வசனத்தை ரக்ஷனாவைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்துவிட்டான். எட்டு மாத உழைப்பை என் மகளே கண்ணெதிரில் கலைத்தாள்.

அதற்குள் அவள் மைக் செத்துவிட்டது. இந்த வாடகைச் சாமான்களே இப்படித்தான், நேரம் பார்த்துக் காலை வாரும். மைக் இல்லாமலே பாடி முடித்தாள். மற்ற ஆறு பாட்டையும் அங்கேயே நின்று பாடினாள்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலில் எழுந்தது உன் அண்ணி. என்னோடு இன்னும் பேசவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கிறது, ஆள் இல்லை.

இரண்டாவது காட்சி வரும் ஞாயிறு. சுஷ்மிதா விலகிவிட்டாள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது? உன் ஷரத்து சொல்லுமா?

கதிரேசன்


சிகாகோ
14 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

அமீரா அன்றைக்குக் கடைசி வரிசையில், மைக்குகளைக் கட்டுப்படுத்துகிற ஒலிப்பலகைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குத் தெரியவில்லை. பலகையில் நீங்கள்தான் இருந்தீர்களாம். ரக்ஷனா வலையைத் தாண்டியதும் உங்கள் கை ஒரு பொத்தானுக்குப் போனதைப் பார்த்தாளாம். பொத்தானில் ஸ்டிக்கர் ஒட்டி அவள் பெயர் எழுதியிருந்ததாம், அதையும் படித்தாளாம்.

நான் கத்தப்போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அணைத்ததைத் திரும்பப் போட்டீர்களா?

மோகனா


ஆங் மோ கியோ
1 அக்டோபர் 2024

மோகனா,

நலம். கமலா பேச ஆரம்பித்துவிட்டாள், தேவைக்கு மட்டும். இரண்டாவது காட்சியும் நடந்தது. ரக்ஷனாதான் நின்றாள். நாற்பது பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த இடத்துக்கும் ஆள் வந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது.

அமீரா பார்த்தது உண்மை. நான்தான் அணைத்தேன்.

திரும்பப் போடவில்லை. முதலில் ஆத்திரத்தில் போடவில்லை. மைக் போனதும் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. இரண்டாம் சரணம் வந்தபோது போட்டுவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். போட்டால் சத்தம் பட்டென்று ஏறும், முன்னால் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பெற்ற மகளின் குரலை நான்தான் அணைத்தேன் என்று தெரிந்துபோகும். அந்தப் பயத்தில் போடவில்லை.

அதற்குப் பிறகு பொத்தான் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் நாலு பாட்டை நான் கேட்டதில்லை, மோகனா. அன்றைக்கு முழுக்கக் கமலாவின் உதடு எங்காவது பிசகுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்